ஏற்காட்டில் ஒரே லைனில் பலருக்கு மஞ்சள் காமாலை: எந்த வைரஸ் என்று பார்ப்பது அவசியமா?

காப்பிக்காடு (ஏற்காடு)

எல்லோருக்கும் வணக்கம். மலைக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட் லைனில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) என் சித்தப்பா மகன் குடும்பத்தோடு இருக்கிறான். வயது 24. முதலில் காய்ச்சல், வாந்தி, சோறு கண்டாலே குமட்டல். அப்புறம் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது, கண்ணும் மஞ்சளாகிவிட்டது. பரிசோதனையில் கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் 8, எஸ்.ஜி.பி.டி. 1400 என்று வந்திருக்கிறது. அதே லைனில் இன்னும் சிலருக்கும் இதே கதைதான். பழம் பறிக்க வெளியூரிலிருந்து வந்தவர்களும் அதில் உண்டு.

டாக்டர் 'வைரல் மார்க்கர்' என்று நாலு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். வீட்டுப் பெரியவர்களோ, "எந்த வைரஸா இருந்தா என்ன, காமாலைக்கு மருந்து ஒண்ணுதானே, கீழே ஒருத்தர் கொடுக்கிறார், மூணு வேளை குடிச்சா இறங்கிடும்" என்கிறார்கள். அவன் மனைவிக்கு ஏழாம் மாதம். அவளுக்கு இதுவரை ஒன்றுமில்லை.

கையில் இருக்கும் பணத்துக்கு டெஸ்ட் எடுப்பதா, நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுப்பதா என்று குழப்பமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேப்_மேசை (அஸ்தம்பட்டி)

டெஸ்ட் எடுங்கள். தனியாரில் எடுக்கக் காசு இல்லையென்றால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஆனால் எடுக்காமல் விடாதீர்கள்.

எஸ்.ஜி.பி.டி. கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய ஒரு நொதி. செல் உடைந்தால் ரத்தத்துக்கு வந்துவிடும். 1400 என்றால் நிறைய செல்கள் ஒரே நேரத்தில் அடிபட்டிருக்கின்றன. புகை தெரிந்தால் எங்கோ எரிகிறது என்று தெரியும், எது எரிகிறது என்று தெரியாது இல்லையா, அது போலத்தான் இந்த எண். கல்லீரலைத் தாக்கும் ஏ, பி, இ வைரஸ் மூன்றில் எது வந்தாலும் இதே எண் வரலாம். அளவுக்கு மீறிய பாராசிட்டமால், சில காசநோய் மாத்திரைகள், கலவை தெரியாத சூரணம் இவற்றாலும் வரலாம்.

அந்த நாலு டெஸ்ட் பெரும்பாலும் இவைதான்: ஏ வைரஸுக்கு ஐ.ஜி.எம்., இ வைரஸுக்கு ஐ.ஜி.எம்., பி-க்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி., சி-க்கு ஆன்டி எச்.சி.வி. ஐ.ஜி.எம். என்பது உடம்பு புதிதாகச் சண்டை போடும்போது வரும் எதிர்ப்பொருள், அதனால் அது பாசிட்டிவ் என்றால் தொற்று சமீபத்தியது. எச்.பி.எஸ்.ஏ.ஜி. அப்படியில்லை. அது பி வைரஸின் மேலுறைப் புரதம். பாசிட்டிவ் என்றால் வைரஸ் இப்போது உடம்பில் இருக்கிறது. நேற்று வந்ததா, பிறந்தபோதே வந்ததா என்பதை அது மட்டும் சொல்லாது. சி-யின் எதிர்ப்பொருள் தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். அதனால் சி-யில் முதல் ரிப்போர்ட் நெகட்டிவ் என்றாலும், சந்தேகம் இருந்தால் வைரஸையே நேராகத் தேடும் ஆர்.என்.ஏ. டெஸ்ட் கேட்பார்கள்.

இன்னொன்று முக்கியம். பிலிருபின் எண்ணையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எட்டு ஏழானால் சந்தோஷம், ஒன்பதானால் அழுகை. அதைவிட பி.டி., ஐ.என்.ஆர். என்று ஒன்று இருக்கிறது. ரத்தம் உறைவதற்கான புரதங்களைக் கல்லீரல் இன்னும் செய்கிறதா என்று அது காட்டும். ஐ.என்.ஆர். ஏறுகிறது, ஆளும் பகலில் தூங்கி இரவில் விழித்துக்கொண்டு சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்றால், உடனே பெரிய மருத்துவமனை. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கிராம_செவிலியர்

அண்ணா, உங்கள் தம்பியை விட அவன் மனைவியை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே இடத்தில் பலருக்கு ஒரே நேரத்தில் வந்தால் அது தண்ணீர் வழியாக வரும் ஏ அல்லது இ-யாக இருக்க வாய்ப்பு அதிகம். பெரியவர்களாகப் பார்த்து வந்திருந்தால் நம் நாட்டில் இ என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். இ வைரஸ் மற்றவர்களை வாட்டிவிட்டுப் போய்விடும். ஆனால் கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் கர்ப்பிணிக்கு வந்தால் நூற்றில் 20 முதல் 25 பேர் வரை இறந்துபோகும் ஆபத்து உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தாயின் உயிரும் போகலாம், பிள்ளையின் உயிரும் போகலாம்.

இ வைரஸ் ஆளிடமிருந்து ஆளுக்கு அவ்வளவு சுலபமாகப் போகாது. அதனால் புருஷனைத் தொட்டால் வரும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் அந்தப் பிள்ளையும் இத்தனை நாளாக அதே தண்ணீரைத்தானே குடித்திருக்கிறாள்! அதுதான் கவலை. இன்றிலிருந்தே அவளுக்குக் கொதிக்க வைத்த தண்ணீர் மட்டும் கொடுங்கள். பல் துலக்கவும் அதுதான். முடிந்தால் அம்மா வீட்டுக்கு அனுப்புங்கள், ஆனால் அங்கே உள்ள செவிலியருக்கும் விஷயம் தெரிய வேண்டும். வாந்தி, மேல்வயிற்று வலி, சிறுநீர் நிறம் மாறுவது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. பிரசவம் கட்டாயம் மருத்துவமனையில்தான்.

அவள் தாய் சேய் நல அட்டையை எடுத்துப் பாருங்கள். எச்.பி.எஸ்.ஏ.ஜி. பார்த்திருக்கிறார்களா என்று அதில் இருக்கும். இல்லையென்றால் இப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

தறிக்காரர் (அம்மாப்பேட்டை)

எல்லோரும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரி என்கிறீர்கள். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. எங்கள் வீட்டில் என் பாட்டி காலத்திலிருந்து கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து, நெல்லிக்காய் அளவு உருண்டையாக மோரில் கலந்து கொடுப்போம். உப்பு, புளி, எண்ணெய் இல்லாத பத்தியம். தெருவில் எத்தனையோ பேர் எழுந்து நடந்திருக்கிறார்கள். காசு வாங்கியதில்லை. இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மருந்தியல்_வகுப்பு (சேலம்)

ஐயா, யாரும் ஒதுக்கவில்லை. கீழாநெல்லியை உலகமே உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறது. அந்த ஆராய்ச்சி தொடங்கியதும் நம் தமிழ்நாட்டில்தான்.

பி வைரஸைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான பரூக் பிளம்பெர்க். 1960-களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் அவர் கண்ட புரதம்தான் இன்று நாம் பார்க்கும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. அதற்காக 1976-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த நாளான ஜூலை 28-தான் உலகக் கல்லீரல் அழற்சி நாள். அதே பிளம்பெர்க்கும் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவும் சேர்ந்து, பி வைரஸை நெடுநாளாகச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியைக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1988-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. மறைந்திருந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் பொடி எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. அப்போது எவ்வளவு நம்பிக்கை பிறந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

ஆனால் பிறகு வேறு இடங்களில், வேறு குழுக்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. எல்லா ஆய்வுகளையும் சேர்த்து எடை போட்டவர்களும் நம்பும்படியான ஆதாரம் இல்லை என்றே முடித்தார்கள். மருந்து என்றால் யார் கொடுத்தாலும், எங்கே கொடுத்தாலும் வேலை செய்ய வேண்டும். அதனால் இதைப் பி-க்கு மருந்து என்று இன்று சொல்ல முடியாது.

உங்கள் தெருவில் எழுந்து நடந்தவர்கள் உண்மைதான் ஐயா. ஏ, இ இரண்டும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும், உடம்பே வைரஸை வெளியேற்றிவிடும். அந்த நேரத்தில் கீழாநெல்லி கொடுத்தாலும் இறங்கும், கொடுக்காவிட்டாலும் இறங்கும். ஆனால் பி நாள்பட்டதாக இருந்தால், மஞ்சள் இறங்கிய பிறகும் வைரஸ் உள்ளே இருக்கும். "காமாலை போய்விட்டது" என்று வீட்டுக்கு அனுப்பிய ஆளுக்கு இருபது வருடம் கழித்து வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு வந்து நிற்கும். எந்த வைரஸ் என்று பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

பத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குமட்டல் இருக்கும்போது எண்ணெய்ப் பண்டம் ஏறாது, அப்போது கஞ்சி, இட்லி, இளநீர் சரிதான். ஆனால் உப்பில்லாமல், பருப்பில்லாமல், வாரக்கணக்கில் பட்டினி போடாதீர்கள். கல்லீரல் தன்னைச் சரி செய்துகொள்ளச் சத்து வேண்டும். கையில் சூடு போடுவது, பொட்டலத்தில் கட்டிய பெயரில்லாத பொடி, இரண்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் பொடியில் உலோகம் கலந்திருந்தால் ஏற்கெனவே அடிபட்ட கல்லீரல் தாங்காது.

தறிக்காரர் (அம்மாப்பேட்டை)

நிதானமாகச் சொன்னதற்கு நன்றி தம்பி. டெஸ்ட் எடுத்துவிட்டு வரச் சொல்கிறேன் இனிமேல், யார் வந்தாலும்.

காப்பிக்காடு (ஏற்காடு)

ரிப்போர்ட் வந்துவிட்டது. தம்பிக்கு இ வைரஸ் ஐ.ஜி.எம். பாசிட்டிவ். மற்ற மூன்றும் நெகட்டிவ். ஐ.என்.ஆர். நார்மல்தான் என்றார்கள். செவிலியர் அக்கா சொன்னபடி அவன் மனைவியைக் கீழே அழைத்து வந்துவிட்டோம், ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது, இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம் கிளம்பியிருக்கிறது. லைனுக்கு மருத்துவக் குழு வந்து எல்லோருக்கும் ரத்தம் எடுத்தது. அதில் எங்களுக்கு அத்தை முறையாகும் ஒருவருக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ். மஞ்சளே இல்லை, நன்றாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். இப்போது லைனில் அவருக்குத் தனி டம்ளர் வைத்துவிட்டார்கள். எல்லோருக்கும் காமாலை பரப்பியது அவர்தான் என்று பேச்சு. பேரப் பிள்ளையைத் தூக்க விடுவதில்லை. என்ன சொல்லிப் புரியவைப்பது?

லேப்_மேசை (அஸ்தம்பட்டி)

இந்தப் பேச்சை இன்றைக்கே நிறுத்துங்கள் அண்ணா. லைனில் பரவியது இ. அத்தைக்கு இருப்பது பி. இரண்டும் வேறு வேறு குடும்பத்து வைரஸ், வரும் பாதையும் வேறு. இ மலத்தின் வழியாக வெளியேறி தண்ணீரில் கலந்து வாய்க்குள் போகிறது. பி-க்கு ரத்தம் வேண்டும், அல்லது உடலுறவு, அல்லது பிரசவத்தில் தாயிடமிருந்து. டம்ளரில் பி வராது. அத்தை சமைத்த சோற்றில் வராது. பிள்ளையைத் தூக்கினால், முத்தம் கொடுத்தால் வராது. கொசு கடித்தும் வராது.

குகை_பையன்

எனக்கும் பி பாசிட்டிவ். இதுவரை எந்தக் குழுவிலும் எழுதியதில்லை, அந்த அத்தைக்காக எழுதுகிறேன்.

வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. அங்கே பி, சி இருந்தால் 'அன்ஃபிட்' என்று எழுதிவிடுவார்கள். ஊருக்குத் திரும்பிய அன்று வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை. கெட்ட சகவாசம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அப்புறம் ஒரு டாக்டர், வீட்டில் எல்லோருக்கும் எடுங்கள் என்றார். அம்மாவுக்கு பாசிட்டிவ், அக்காவுக்கும் பாசிட்டிவ். அம்மாவுக்கு எப்படி வந்ததென்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. நான் பிறந்தபோதே எனக்கு வந்திருக்கிறது.

பச்சைக் குழந்தைக்கு பி தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது நிலைத்துவிடும். அதுவே பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவானவர்களுக்குத்தான் நிலைக்கும், மற்றவர்கள் ஆறு மாதத்துக்குள் துரத்திவிடுவார்கள். பாசிட்டிவ் என்று வரும் பலர் கைக்குழந்தையாக இருந்தபோதே வாங்கியவர்கள். அவர்களைப் பார்த்து ஒழுக்கத்தைப் பேசுவது எவ்வளவு அநியாயம்!

எல்லா பி-க்கும் மாத்திரை வேண்டியதில்லை. எச்.பி.வி. டி.என்.ஏ. என்று வைரஸின் அளவைப் பார்ப்பார்கள், எஸ்.ஜி.பி.டி. பார்ப்பார்கள், ஃபைப்ரோஸ்கேன் வைத்துக் கல்லீரல் எவ்வளவு தழும்பேறி இருக்கிறது என்று பார்ப்பார்கள். மூன்றையும் வைத்துத்தான் முடிவு. எனக்கு டெனோஃபோவிர், தினம் ஒன்று. என்டெகாவிர் என்று இன்னொன்றும் உண்டு. இவை வைரஸை அடக்கி வைக்கும். வேரோடு எடுக்காது, ஏனென்றால் பி தன் பிரதியை நம் செல்லின் உட்கருவிலேயே பதுக்கி வைத்திருக்கும். அதனால் ரிப்போர்ட்டில் வைரஸ் தெரியவில்லை என்று சந்தோஷப்பட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் திடீரென்று சீறி எழுந்து கல்லீரலையே செயலிழக்க வைக்கலாம். டெனோஃபோவிர் எடுப்பவர்கள் அவ்வப்போது சிறுநீரகப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். கல்லீரல் சுருங்கியவர்களுக்கும் குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய் இருந்தவர்களுக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் கட்டாயம்.

எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பெண் பார்க்கும்போதே சொல்லிவிட்டோம். அவள் மூன்று தடுப்பூசி போட்டு, எதிர்ப்பொருள் அளவு பாதுகாப்புக்கு வேண்டிய பத்துக்கு மேல் வந்ததைக் காகிதத்தில் பார்த்த பிறகே கல்யாணம். இப்போது ஒரே டம்ளர்தான். ரேஸர், டூத் பிரஷ், நகவெட்டி மூன்று மட்டும் எனக்குத் தனி. காய்ந்த ரத்தத்தில்கூட பி வைரஸ் ஏழு நாள் உயிரோடு இருக்கும், அதனால் அதில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன்.

அத்தையிடம் சொல்லுங்கள்: முதலில் டி.என்.ஏ. பார்க்கட்டும், பிள்ளைகள் எல்லோருக்கும் டெஸ்ட் எடுக்கட்டும். நெகட்டிவ் வந்தவர்களுக்குத் தடுப்பூசி.

ஐந்து_ரோடு_வாசகி

தம்பி, நீங்கள் எழுதியது எத்தனை பேருக்கு உதவுமோ. எனக்கு ஒரு சந்தேகம். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்தில் மகள் பச்சை குத்திக்கொண்டாள். இப்போதைய மெஷின்தான். அதிலும் வருமா? தாய்ப்பால் கொடுக்கலாமா என்றும் என் தங்கை கேட்கிறாள், அவளுக்கு பி.

கிராம_செவிலியர்

பச்சை குத்தும் ஊசியில் பி-யும் வரும், சி-யும் வரும். மெஷின் புதிதா பழையதா என்பது விஷயமில்லை. ஊசி ஒவ்வொருவருக்கும் புதிதாகப் பிரித்தார்களா, மையை ஒரே கிண்ணத்திலிருந்து தொட்டார்களா என்பதுதான் விஷயம். காது குத்துவது, முடி இறக்கும் பிளேடு, எல்லாவற்றுக்கும் இதே கேள்வி. ஊசி போடுகிற இடத்திலும் கேளுங்கள், தயங்காதீர்கள். 2009-இல் குஜராத்தில் மோடாசா பகுதியில் பி பரவிப் பலர் இறந்தார்கள், சிரிஞ்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதுதான் காரணம். உங்கள் மகள் பள்ளி வயது என்றால் குழந்தையிலேயே பி ஊசி போட்டிருக்கலாம், அட்டையைப் பாருங்கள். மூன்று மாதம் கழித்து எச்.பி.எஸ்.ஏ.ஜி., ஆன்டி எச்.சி.வி. இரண்டும் பார்த்துவிடுங்கள்.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். பிள்ளைக்குப் பிறந்ததும் ஊசி போட்டாயிற்றா என்பதுதான் கேள்வி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், என் வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

பிள்ளை பிறந்த 24 மணி நேரத்துக்குள் பி தடுப்பூசி ஒரு டோஸ். அதன் பிறகு 6, 10, 14-ஆம் வாரங்களில் ஐந்து நோய்க்கு ஒன்றாகப் போடும் பென்டாவேலன்ட் ஊசியோடு சேர்ந்து வரும். முதல் டோஸ்தான் உயிர்நாடி. அது தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவதை வாசலிலேயே மறிக்கிறது. தாய் பாசிட்டிவ் என்றால் அதோடு இம்யூனோகுளோபுலின் என்ற தயார் எதிர்ப்பொருள் ஊசியும் வேண்டும், 12 மணி நேரத்துக்குள் போட்டால் நல்லது. தாயின் ரத்தத்தில் வைரஸ் மிகவும் அதிகம், அதாவது இரண்டு லட்சம் யூனிட்டுக்கு மேல் என்றால் கடைசி மூன்று மாதம் டெனோஃபோவிர் கொடுப்பார்கள். இத்தனையும் நேரத்துக்கு நடந்தால் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் தப்பிவிடும்.

மலைக் கிராமத்தில் நடுராத்திரி வலி வந்து, மழையில் வண்டி ஏறாமல் வீட்டிலேயே பிள்ளை பிறந்துவிட்டால் இந்த 24 மணி நேரம்தான் கைநழுவிப் போகிறது. மலைப் பாதையில் கர்ப்பிணியைச் சிரமப்படுத்தக் கூடாது என்று வீட்டில் வைத்துக்கொள்வது பாசத்தில்தான், அது எனக்குப் புரிகிறது. ஆனால் தேதிக்கு முன்பே கீழே அழைத்து வந்துவிடுங்கள். வீட்டில் பிறந்தே விட்டாலும் உடனே எங்களுக்குத் தகவல் சொல்லுங்கள்.

சூரமங்கலம்_மகன்

சி பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை. என் அப்பாவுக்கு சி இருந்தது. 'இருந்தது' என்று எழுத முடிகிறது, அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளில் ஒரு அறுவைச் சிகிச்சையில் ரத்தம் ஏற்றினார்கள். அப்போது இங்கே தானம் பெறும் ரத்தத்தில் சி-யைப் பரிசோதிப்பது கட்டாயமில்லை, 2001-இலிருந்துதான் கட்டாயமானது. சி வைரஸ் இன்னதென்று கண்டுபிடித்ததே 1989-இல்தான். அப்பாவுக்கு ஒரு நாளும் மஞ்சள் வந்ததில்லை. களைப்பு மட்டும் இருந்தது, வயசாகிறது என்று விட்டுவிட்டோம். பிறகு கண் அறுவைச் சிகிச்சைக்கு முன் எடுத்த ரத்தத்தில் ஆன்டி எச்.சி.வி. பாசிட்டிவ். ஆர்.என்.ஏ. எடுத்தார்கள், அதுவும் பாசிட்டிவ்.

மாத்திரை சோஃபோஸ்புவிர், டாக்ளாடாஸ்விர். 12 வாரம், தினமும். கல்லீரல் சுருங்கியிருந்தால் 24 வாரம்கூட ஆகலாம் என்றார்கள், அப்பாவுக்கு அந்த நிலை வரவில்லை. முடிந்து 12 வாரம் கழித்து மறுபடி ஆர்.என்.ஏ. பார்த்தால் வைரஸ் இல்லை. அப்படி வந்தால் குணமாகிவிட்டது என்றே அர்த்தம். நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிறது. முன்பு மாதக்கணக்கில் இன்டர்ஃபெரான் ஊசி போட்டு, காய்ச்சலும் மனச்சோர்வுமாகத் தவித்து, பாதிப் பேருக்குப் பலன் கிடைத்த நோய் இது. 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனையில் இலவசம். சேலத்துக்காரர்கள் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள், 104-க்கு போன் செய்தும் கேட்கலாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், நாங்கள் இதில் நிறையப் பயந்துபோனோம். குணமான பிறகும் ஆன்டி எச்.சி.வி. பாசிட்டிவ் என்றேதான் காலத்துக்கும் வரும். அது பழைய சண்டையின் அடையாளம். ஒவ்வொரு புது லேபிலும் சிவப்பு எழுத்தில் அச்சாகி வரும், வீடே பதறும். ஆர்.என்.ஏ. நெகட்டிவ் காகிதத்தை லேமினேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள், போகிற இடத்துக்கெல்லாம் எடுத்துப் போங்கள். எதிர்ப்பொருள் இருக்கிறது என்று அலட்சியமும் வேண்டாம், சி மறுபடி தொற்றினால் அது காப்பாற்றாது. சி-க்குத் தடுப்பூசியும் இல்லை.

லேப்_மேசை (அஸ்தம்பட்டி)

டி-யையும் சொல்லிவிடலாம். அது தனியாக வாழத் தெரியாத வைரஸ், பி இருக்கிறவருக்கு மட்டும்தான் வரும், வந்தால் பி-யின் போக்கை மோசமாக்கும். பி தடுப்பூசி போட்டவருக்கு டி-யும் வராது. அவ்வளவு போதும்.

தொட்டி_ஏறுபவர் (ஏற்காடு வட்டாரம்)

தண்ணீர் விடுகிற வேலையில் இருப்பவன் நான். இழையை முழுக்கப் படித்தேன். லைனுக்கு எந்தத் தண்ணீர் வருகிறது என்று முதலில் பாருங்கள். மேலே சுனையிலிருந்து குழாய் போட்டு நேராகத் தொட்டிக்கு வருகிறதா? சுனைக்கு மேட்டில் வீடோ கக்கூஸ் குழியோ இருக்கிறதா? மலையில் மேட்டில் இருப்பதெல்லாம் மழை பெய்தால் பள்ளத்துக்குத்தான் வரும். சமவெளிக் கணக்குக்குக் கிணற்றுக்கும் குழிக்கும் 15 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பார்கள். சரிவில் அதை நம்பி இருக்க முடியாது.

இ வைரஸ் உடம்பில் புகுந்து நோய் காட்ட இரண்டு முதல் பத்து வாரம் வரை ஆகும், சராசரி ஐந்தாறு வாரம். அதனால் நேற்று தின்ற பண்டத்தைத் தேடாதீர்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு முன்னால் எப்போது பெருமழை பெய்தது, எப்போது தண்ணீர் கலங்கி வந்தது, எங்கே குழாய் உடைந்தது என்று கேளுங்கள். நாங்கள் ஒரு இடத்தில் அப்படிக் கேட்டுத்தான் கண்டுபிடித்தோம். சாக்கடையைத் தாண்டிப் போன குழாயில் மூட்டு விட்டிருந்தது, சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் ஓடும்போது வெளியே பீச்சும், நிறுத்தினால் சாக்கடையை உள்ளே இழுக்கும்.

பிளீச்சிங் பவுடர் போட்டோம் என்று சொல்வார்கள். எந்தப் பவுடர்? ஏற்காட்டு ஈரத்தில் வாய் திறந்த மூட்டையில் கிடந்தால் குளோரின் பறந்துபோய் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். மூடி போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். போட்டு அரை மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். அதைப் பார்க்கக் குளோரோஸ்கோப் இருக்கிறது. சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, அதில் சில சொட்டு மருந்து விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பக்கத்தில் உள்ள நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். மஞ்சள் ஏறினால் குளோரின் இருக்கிறது. நிறமே வரவில்லை என்றால் பவுடர் போட்டதும் போடாததும் ஒன்றுதான். தொட்டியில் மட்டும் பார்க்காதீர்கள், கடைசி வீட்டுக் குழாயில் பாருங்கள்.

ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 95 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். குமிழி வந்ததும் இறக்கிவிடாமல் தளதளவென்று ஓரிரு நிமிடம் கொதிக்க விடுங்கள், அது போதும். விறகு மிச்சம் என்று சூடு பண்ணி மட்டும் குடிப்பது வீண்.

மருந்தியல்_வகுப்பு (சேலம்)

தொட்டிக்காரர் சொன்னதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1955 கடைசியில் யமுனை தன் போக்கை மாற்றிக்கொள்ள, நஜஃப்கர் வடிகாலின் சாக்கடை டெல்லிக்குத் தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. பொறியாளர்கள் கவனித்துக் குளோரினைக் கூட்டினார்கள், அதனால் டைபாய்டு பெருகவில்லை. ஆனால் 29,000 பேருக்கு மேல் மஞ்சள் காமாலை வந்தது, கர்ப்பிணிகள் அதிகம் இறந்தார்கள். அப்போது எல்லோரும் அதை ஏ என்றே நினைத்தார்கள். பாதுகாத்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைப் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோதுதான் அது ஏ இல்லை என்று தெரிந்தது. காஷ்மீரில் 1978-இல் வந்த கொள்ளைநோயைப் பார்த்த மருத்துவர் குரூ, இது புது வைரஸாக இருக்க வேண்டும் என்று எழுதினார். பிறகு சோவியத் விஞ்ஞானி பலயான் நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த கரைசலைத் தானே குடித்து, காமாலை வந்து படுத்து, தன் மலத்திலேயே அந்த வைரஸை நுண்ணோக்கியில் கண்டார். அதுதான் இன்று உங்கள் தம்பியின் ரிப்போர்ட்டில் இருக்கும் இ.

ஏ பற்றியும் ஒன்று. நம் தலைமுறையில் பெரும்பாலோருக்கு ஏ சிறு வயதிலேயே வந்து, சளிக்காய்ச்சல் போல, மஞ்சள்கூடக் காட்டாமல் போயிருக்கும். இப்போது சுத்தமான தண்ணீரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த எதிர்ப்பு இல்லை. கல்லூரி விடுதியிலோ கல்யாண விருந்திலோ வயது வந்தபின் வருகிறது, வந்தால் கடுமையாக வருகிறது. கேரளத்தில் வேங்கூரில் 2024-இல் அப்படித்தான் பலர் விழுந்தார்கள். ஏ-க்குத் தடுப்பூசி இருக்கிறது, அரசு அட்டவணையில் இல்லை, குழந்தை மருத்துவரிடம் கேட்டுப் போடலாம். இ-க்கு சீனாவில் 2011-இல் அனுமதி பெற்ற தடுப்பூசி உண்டு. அதுவும் நம் அட்டவணையில் இல்லை.

காப்பிக்காடு (ஏற்காடு)

தொட்டிக்காரர் அண்ணன் சொன்னபடி லைனுக்கு மேலே நடந்து போய்ப் பார்த்தோம். பறிப்புக்கு வந்தவர்களுக்காகப் புதிதாக வெட்டிய குழி சுனைக்கு நேர் மேட்டில் இருக்கிறது. மேற்பார்வையாளரிடம் சொல்லி அந்தக் குழியை மூடவும், அதுவரை லாரித் தண்ணீருக்கும் ஏற்பாடு. அத்தையை நானே சேலத்துக்கு அழைத்துப் போகிறேன்.

தம்பி வேலைக்குப் போகணும் என்று நிற்கிறான், பறிப்புக் கூலி போகிறதே என்று. எப்போது அனுப்பலாம்? வலிக்கு மாத்திரை, அப்புறம் எப்போதாவது குடிப்பது, இதைப் பற்றியும் சொல்லுங்கள்.

கிராம_செவிலியர்

பசி எடுத்துச் சாப்பிடுகிறான், எஸ்.ஜி.பி.டி. நன்றாக இறங்கிவிட்டது என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு அனுப்புங்கள். கண்ணில் லேசான மஞ்சள் இருந்தாலும் பரவாயில்லை, அது கடைசியில்தான் போகும். ஆரம்பத்தில் அரை நாள் வேலை. அதுவரை மற்றவர்களுக்குச் சமைப்பது, தண்ணீர் மொண்டு கொடுப்பது வேண்டாம். கக்கூஸ் போய்வந்தால் சோப்பு. வலி மாத்திரை, தூக்க மாத்திரை எதுவும் கடையில் கேட்டு வாங்கக் கூடாது, பாராசிட்டமால்கூட டாக்டர் சொன்ன அளவுதான். சாராயம் இப்போது ஒரு சொட்டும் கூடாது, ரிப்போர்ட் முழுக்க நார்மலாகி மாதங்கள் போகட்டும்.

அத்தையோடு வரும்போது அவர் பிள்ளைகள் பெயர், வயது, யார் எங்கே இருக்கிறார்கள் என்று எழுதிக் கொண்டுவாருங்கள். கல்யாணமாகிப் போன மகள்களை விட்டுவிடாதீர்கள், அவர்கள் கர்ப்பமாக இருந்தால் அவர்களுக்குத்தான் முதலில் எடுக்க வேண்டும். நெகட்டிவ் வருகிறவர்களுக்குத் தடுப்பூசி இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. மூன்றாவதை எல்லோரும் மறந்துவிடுவார்கள், தேதியை வீட்டு நாட்காட்டியில் இப்போதே குறித்துவிடுங்கள்.